இடது பக்கப் பெயிண்ட்

அந்தக் கதவை மெதுவா சாத்துங்க சார். மெதுவா சாத்துனா சரியா அடையாதுங்கது எனக்கும் தெரியும், ஆனா ஓங்கி அடிச்சா பெயிண்ட் உதிருது. ஆங், அப்படித்தான். கையில ஒட்டிட்டா? பேன்ட்ல தொடச்சிராதீங்க, இந்தாங்க துண்டு. காலையில துவைச்ச துண்டுதான்.

திருச்செந்தூர்தான சொன்னீங்க? போயிரலாம். நீங்க வரலைன்னாலும் இன்னைக்கு நான் அங்க போகத்தான் இருந்தேன். ஸ்டேஷன்ல அத்தனை புது வண்டி வரிசையா நிக்கும்போது என் வண்டியைத் தேடி வந்தீங்க பாத்தீங்களா, அதுக்கு ஒரு மனசு வேணும். அம்பாசிடர்னா இப்ப எவனும் ஏற மாட்டேங்கான். என் பேரு ஆவுடையப்பன். தூத்துக்குடியில அம்பாசிடர் ஆவுடையப்பன்னு கேட்டுப் பாருங்க, தெரியாதவன் கிடையாது. மீசை மொளைச்ச நாள்ல இருந்து கையில ஸ்டீயரிங்தான்.

இஞ்சின் சத்தம் கேளுங்க. எப்படி இருக்கு? கல்லு மாதிரி இருக்கும். பிரேக்கு, கிளட்ச், எல்லாம் சுத்தம். பெயிண்ட் மட்டும்தான் என்னை இந்தப் பாடு படுத்துது. அதுவும் பூரா வண்டியும் இல்ல, கேட்டுக்கிடுங்க. எறங்கும்போது வலது பக்கம் வந்து பாருங்க, முகம் பாத்துத் தலை சீவலாம். இடது பக்கம்தான் சீக்கு. முன் மட்கார்டுல தொடங்கி, நீங்க பிடிச்ச கதவு, பின் கதவு வரைக்கும் பட்டை பட்டையா போகுது. மூணு தடவை அடிச்சாச்சு சார். மூணு தடவையும் அதே இடம்.

மொதல்ல கோளாறு வந்தது இடது பக்கம் இல்ல. பானட்லதான் வந்துச்சு. பானட் நடுவுல உள்ளங்கை அகலத்துக்கு மங்கி, சொரசொரன்னு ஆகி, பொறவு வெடிச்சு உள்ள இரும்பு தெரிய ஆரம்பிச்சிட்டு. சந்தியாகுன்னு ஒரு பெயிண்டர். எங்க வீட்டுக்குப் பின் தெருவுல பட்டறை. வாய் ஜாஸ்தி. வண்டியைக் கொண்டு விட்டா நம்மளை ரெண்டு திட்டு திட்டாம வேலையைத் தொட மாட்டான். ஆனா கை நல்ல கை. நான் போய், எலே சந்தியாகு, உப்புக் காத்து என் பானட்டைத் தின்னுட்டுலேன்னு சொன்னேன். தூத்துக்குடியில எது கெட்டாலும் உப்புக் காத்துதான? அவன் குனிஞ்சு பாத்தான், நகத்தால சொரண்டுனான், மோந்து பாத்தான். பொறவு நாக்குல வச்சுப் பாத்தான் சார், சவத்துப் பய.

"அண்ணாச்சி, உப்புக் காத்துன்னா துரு உள்ள இருந்து கெளம்பும். கதவுக்கு அடியில, மட்கார்டு மடிப்புல கொப்புளம் கெளம்பும். இது மேல இருந்து வெந்திருக்கு. சுண்ணாம்பு. யாரோ தெனம் என்னத்தையோ ஊத்துதாங்க"ன்னான்.

எனக்கு ஒண்ணும் புரியல. வீட்டுக்கு வந்து எங்க வீட்டுலகிட்ட கேட்டேன். சண்முகவடிவுன்னு பேரு, நான் வடிவுன்னு கூப்பிடுவேன். அவ முழிக்கா. பொறவுதான் வெளிய வருது விஷயம். நான் தெனமும் வண்டியைக் கொண்டு நிறுத்திட்டு உள்ள குளிக்கப் போவேன்லா, அந்த நேரம் பாத்து வண்டிக்கு ஆரத்தி சுத்திருக்கா! மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்ச தண்ணி. மனுஷனுக்குச் சுத்துனா நெத்தியில ஒரு பொட்டு வச்சிட்டு தெருவுல ஊத்துவாங்க. இவ பானட்டுக்குப் பொட்டு வச்சு, மிச்சத்தையும் அங்கனயே ஊத்தி, வெள்ளிக்கிழமைன்னா அது மேல எலுமிச்சம்பழத்தையும் பிழிஞ்சிருக்கா. மறுநாள் வெயில்ல அது காய்ஞ்சு, பெயிண்ட்டைப் பொரிச்சு எடுத்துட்டு.

"கோட்டி பிடிச்சிட்டாடி உனக்கு? தெனமும் எதுக்கு ஆரத்தி? மாப்பிள்ளையா வந்து எறங்கியிருக்கு?"ன்னு கேட்டேன்.

"தெனமும் திரும்பி வந்திருதீங்கல்லா, அதுக்குத்தான்"னா.

இது ஒரு பதிலா சார்? டாக்ஸி ஓட்டுதவன் சாயந்தரம் திரும்பி வரத்தான செய்வான். பொம்பளைங்க பயத்துக்கு ஒரு கணக்கு வழக்கு கிடையாது. ரெண்டு ஏச்சு ஏசி நிறுத்திட்டேன். சந்தியாகு பானட்டை இரும்பு தெரியுத வரைக்கும் தேய்ச்சு, ரெட் ஆக்சைடு அடிச்சு, மேடுபள்ளம் நிரவ பட்டி பாத்து, வாட்டர் பேப்பர் போட்டு, பிரைமர் கொடுத்து, மேல பெயிண்ட் அடிச்சான். இன்னைக்கு வரைக்கும் பானட்ல ஒரு சுருக்கம் கிடையாது. அவன் வேலையை நான் குறை சொல்லல. சொல்லவும் மாட்டேன்.

ஏய்! ஏய்! பாத்தீங்களா சார்? எங்கிருந்து வந்தான் இவன்? இடது பக்கமா பைக்கைக் கொண்டு நுழைக்கான். ஒரு ஹார்ன் கிடையாது ஒண்ணு கிடையாது. ஹார்ன் அடிச்சான்னா சொல்லுதீங்க? எனக்குக் கேக்கல. நீங்க ஏன் அந்தப் பிடியை அப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க? சும்மா சாஞ்சு உக்காருங்க. முன் சீட்டுல உக்காந்தது நல்லதாப் போச்சு, பேச்சுத் துணையா போகலாம்.

எங்க விட்டேன்? ஆங், இடது பக்கம். பானட் சரியாகி ஒரு மாசம் இருக்கும், இடது பக்கம் போக ஆரம்பிச்சிட்டு. திரும்பியும் சந்தியாகு. இந்த தடவை அவன் காந்தம் எடுத்துட்டு வந்தான். கதவுல காந்தத்தை வச்சா, பட்டி கனமா இருக்குத இடத்துல ஒட்டாம கீழ விழுந்துரும், அதை வச்சே உள்ள என்ன இருக்குன்னு சொல்லிருவாங்க. அங்கங்க வச்சு வச்சுப் பாத்தான். பழைய பட்டி, தண்ணி எறங்கியிருக்கும்னு சொல்லி, பூரா உரிச்சு எடுத்துட்டு புதுசா அடிச்சான். நிழல்ல காயப் போட்டு, தொடாதீங்கன்னு சொல்லி, நானும் தொடாம இருந்து, எல்லாம் செஞ்சு கொண்டு வந்தேன். ஒரு வாரம் தாங்கல சார். ஒரே வாரம்.

தின்னர்ல கலப்படம்டான்னேன். வேற கடையில தின்னர் வாங்கி அடிச்சான். போயிட்டு. ஸ்டாண்டுல மேக்கு வெயில் இடது பக்கமே விழுதுன்னு எனக்கு ஒரு யோசனை. வண்டியைத் திருப்பிப் போட்டு நிறுத்துனேன். வெயில் பூரா வலது பக்கம் அடிச்சுது. பெயிண்ட் போனது இடது பக்கம். என்னத்தைச் சொல்ல? தெருவுல பயலுக பம்பரத்து ஆணியால கீறுதானுகன்னு வாசல்ல நாற்காலி போட்டு காவல் இருந்தேன். ஒரு பயலும் கிட்ட வரல. எனக்கு அழுகை வராத குறை. சீக்குன்னா என்ன சீக்குன்னு தெரிஞ்சாத்தான மருந்து கொடுக்க முடியும்? கையும் ஓடல காலும் ஓடலன்னு சொல்லுவாங்கல்லா, அந்த நெலமைதான்.

மூணாவது தடவை கொண்டு போனப்ப சந்தியாகு காந்தத்தை எடுக்கல. கதவுல விரலை வச்சு, முன்னால இருந்து பின்னால வரைக்கும் ஒரே கோடா இழுத்துட்டே போனான். குருடன் சுவரைத் தடவுத மாதிரி மெல்ல மெல்லப் போனான். பொறவு நிமிந்து, "அண்ணாச்சி, இது தானாப் போகல. ஒரே உயரத்துல கோடு கோடா இருக்கு. வண்டி எங்கயோ உரசுது"ன்னான்.

"எம் வண்டியா? உரசுதா? முப்பது வருஷத்துல ஒரு கீறல் போட்டிருப்பேனாலே நான்?"

திட்டாம அவன் வேலையைத் தொட்டான்னா அது நல்லதுக்கு இல்ல, பாத்துக்கிடுங்க. பேசாம மூணாவது தடவையா அடிச்சுக் கொடுத்தான்.

எங்க வீடு ஒரு முடுக்குக்குள்ள, குறுகின சந்து. முடுக்கு தொடங்குத இடத்துல, திரும்புத முனையில, ஒரு கல்லு நட்டிருக்கு. அந்தக் காலத்துல மாட்டு வண்டிச் சக்கரம் சுவத்துல இடிச்சிரக்கூடாதுன்னு போட்டது. நான் பொறந்ததுல இருந்து அங்கனதான் நிக்கு. சந்தியாகு பய என்ன செஞ்சிருக்கான் தெரியுமா? அன்னைக்கு நான் ஸ்டாண்டுக்குப் போன பொறவு, அந்தக் கல்லுல ரெட் ஆக்சைடைப் பூசி வச்சிட்டுப் போயிருக்கான். ஈரத்தோட. சாயந்தரம் நான் எப்பவும் போல திரும்பி, எப்பவும் போல வீட்டு முன்னால வந்து நிறுத்துதேன். அங்க அவன் கையைக் கட்டிட்டு நிக்கான். பக்கத்துல வடிவும் நிக்கா. ரெண்டு பேரும் இடது பக்கத்தைப் பாக்காங்க. எறங்கிச் சுத்தி வந்து பாத்தா, மட்கார்டுல இருந்து பின் கதவு வரைக்கும் நீளமா ஒரு செவப்புக் கோடு.

"அண்ணாச்சி, கல்லு வந்து உங்களை இடிச்சுதா?"ன்னு கேக்கான்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "ஏலே, ஈரப் பெயிண்ட்டை வழியில வச்சா ஒட்டாம என்ன செய்யும்? புதுசா அடிச்ச வண்டியை நீயே கெடுத்துட்டு என்கிட்ட கேள்வி கேக்கியா?"ன்னு சத்தம் போட்டேன். முனிசிபாலிட்டிக்காரன் ரோடு போடும்போது கல்லை நகத்தி நட்டிருக்கான்னும் சொன்னேன். அதுதான் நடந்திருக்கும், இல்லைன்னா இத்தனை வருஷம் இல்லாம இப்ப எப்படி? அவன் அதையெல்லாம் காதுல வாங்கல. கிட்ட வந்தான். "வலது கண்ணைப் பொத்திக்கிட்டு நான் எத்தனை விரல் காட்டுதேன்னு சொல்லுங்க"ன்னான்.

நடுத்தெருவுல, பொஞ்சாதி முன்னால. நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா? நான் சொல்லல. சொல்ல முடியாம இல்ல சார். சொல்லல, அவ்வளவுதான்.

"இது பெயிண்ட் சீக்கு இல்ல அண்ணாச்சி, கண்ணு சீக்கு. கண் ஆஸ்பத்திரிக்குப் போய் காட்டிட்டு வாங்க. அது வரைக்கும் இந்த வண்டி மேல நான் கை வைக்க மாட்டேன், ஊருல வேற எவனையும் வைக்க விட மாட்டேன்"னு சொல்லிட்டுப் போயிட்டான். சொன்ன மாதிரியே செஞ்சிட்டான். எந்தப் பட்டறைக்குப் போனாலும், "சந்தியாகு சொன்னான் அண்ணாச்சி"ன்னு தலையைச் சொறியுதானுக. எனக்கு அடுத்த வாரம் வண்டியை எஃப்.சி.க்குக் காட்டணும், ஓடத் தகுதி உண்டுன்னு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கொடுக்குத சீட்டுக்கு. இடது பக்கம் இந்தக் கோலத்துல போனா பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுத்திக்கூட பாக்க மாட்டார், திருப்பி அனுப்பிருவார். எஃப்.சி. இல்லைன்னா வண்டி ஓடாது. வண்டி ஓடலைன்னா காயலான் கடைதான். அதை நெனைச்சாலே சோறு எறங்க மாட்டேங்கு சார். வாசல்ல வண்டி நிக்கலைன்னா அந்த வீட்டுல நான் யாரு? காலையில எந்திரிச்சு எங்க போவேன்? அதான் திருச்செந்தூர். அங்க ஒரு பெயிண்டர் இருக்கானாம், சந்தியாகுவைத் தெரியாதாம். உங்களை எறக்கி விட்டுட்டு நேரா அங்கதான்.

கண்ணுக்கு என்ன? உங்களைப் பாக்கலையா நான்? ரோடு தெரியுது, லாரி தெரியுது, அந்தா அந்த உப்பளத்துல வேலை செய்யுத பொம்பளை தலையில என்ன கலர்ல துணி கட்டியிருக்கான்னு கூட சொல்லுவேன். அவ வலது பக்கம் நிக்கான்னு சொல்லுதீங்களா? எந்தப் பக்கம் நின்னா என்ன சார், தெரியுதுல்லா?

டாக்டர்கிட்ட போனா அவர் ஒண்ணு எழுதிக் கொடுப்பார். அதோட கதை முடிஞ்சுது. எனக்கு அது தெரியும். சந்தியாகுக்கும் தெரியும். தெரிஞ்சே சொல்லுதான் பாருங்க, அதுதான் எனக்கு ஆறல.

அவனாவது வெளி ஆளு. வடிவு? அதைத்தான் எங்க போய்ச் சொல்ல. ஒரு வருஷமா நான் எந்த வெளியூர் சவாரிக்குக் கெளம்புனாலும் அவளும் கெளம்பி வந்து முன் சீட்டுல உக்காந்துக்கிடுவா. திருச்செந்தூர்னா நானும் முருகனைப் பாக்க வாரேன்னுவா. பாளையங்கோட்டைன்னாலும் வாரேன்னுவா. பாளையங்கோட்டையில எனக்குத் தெரியாம எந்த முருகன் இருக்கான்? பின்னால உக்காந்த சவாரிக்காரங்க இது யாருன்னு கேப்பாங்க, எனக்கு வெக்கமா இருக்கும். வந்தா சும்மா வருவாளா? வாய் ஓயாது. "அந்தா ஒருத்தன் சைக்கிள்ல போறான் பாருங்க." "அந்த ஆட்டைப் பாருங்க, எவ்வளவு கொழுப்பு." "அந்த அம்மா கொடத்தைத் தூக்கிட்டு எங்க போறா பாருங்க." இப்படியே வழி பூரா. கண்ணுல படுத ஒண்ணைக்கூட விட மாட்டா. வாயை மூடிட்டு வாயேண்டின்னு எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். மூட மாட்டா.

போன வாரம் இதே ரோடுதான். நாங்க ரெண்டு பேர் மட்டும் திரும்பி வாரோம், வண்டியில சவாரி கிடையாது. என்னமோ அன்னைக்கு அவளுக்குத் தும்மல். தும்மிட்டே வாரா. திடீர்னு "நிறுத்துங்க!"ன்னு ஒரு அலறல். நான் பிரேக்கை மிதிச்சுட்டேன். இடது மட்கார்டு பக்கத்துல ஒரு பொம்பளைப் பிள்ளை. யூனிபாரம் போட்டு, முதுகுல பையோட. பைதான் சார் உரசுச்சு. பிள்ளை மேல படவே இல்ல. படவே இல்ல. அந்தப் பிள்ளை எங்களைப் பாத்துட்டு, சிரிச்சிட்டுக்கூட போச்சு.

வடிவு எறங்குனா. ரோட்டு ஓரத்துல மண்ணுல உக்காந்துட்டா. வா போகலாம்னு கூப்பிடுதேன், எந்திரிக்க மாட்டேங்கா. "என்னால இனி முடியாதுங்க. நான் ஒரு தும்மு தும்முனா ஒரு உசுரு போயிரும்னு இருக்கு. ஒரு வருஷமா இந்த சீட்டுல நான் கண்ணு அசரல, உங்களுக்குத் தெரியுமா?"ன்னா. எனக்கு அப்பவும் கோவம்தான் வந்துச்சு. நான் பாத்துட்டேன்டி, பிரேக் போடத்தான் போனேன், அதுக்குள்ள நீ கத்திட்டன்னு சொன்னேன். அவ என்னையே பாத்தா. நாப்பது வருஷத்துல அப்படி ஒரு நாளும் பாத்தது கிடையாது. பொறவு எந்திரிச்சுப் போய் பஸ்ஸைப் பிடிச்சு வீட்டுக்கு வந்துட்டா. நான் வெறும் வண்டியை ஓட்டிட்டு பஸ்ஸுக்குப் பின்னாலயே வாரேன் சார். எம் பொஞ்சாதி பஸ்ஸுல போறா, நான் காரைக் கொண்டு பின்னால போறேன்.

அன்னைலேருந்து வண்டியில கால் வைக்கல. சோறு போடுதா, தண்ணி வைக்கா. பேச மாட்டேங்கா. வண்டியைக் கொண்டு நிறுத்தும்போது வாசலுக்குக்கூட வர மாட்டேங்கா. எல்லாம் இந்தப் பெயிண்ட்டாலதான். கதவைப் பாக்கும்போதெல்லாம் அவளுக்குப் பயம் வருது. பளிச்சுன்னு அடிச்சு, எஃப்.சி.யும் வாங்கிட்டுக் கொண்டு போய் நிறுத்துனா வந்து ஏறிருவா. ஏறிருவாள்லா சார்? நீங்க என்ன நெனைக்கீங்க?

ரோட்டையே பாத்துட்டு வாரீங்க.

இந்தா ஆத்தூர்ப் பாலம் வந்துட்டு. ஆத்துல தண்ணி போகுதா? போன மாசம் வெறும் மணலாக் கெடந்துச்சு. அங்க முன்னால, பாலத்துல என்ன பச்சை பச்சையா தெரியுது? ஓ, பாதயாத்திரைக்காரங்க. வைகாசி விசாகம் வருதுல்லா, அதான். பச்சை வேட்டி கட்டி, காவடியைத் தூக்கிட்டு, குடும்பம் குடும்பமா திருச்செந்தூருக்கு நடந்து போவாங்க. செருப்புகூட போட மாட்டாங்க. எந்தப் பக்கமா நடக்காங்க?

இடது பக்கமா?

எறங்கிக்கிடுதேன்னு சொல்லாதீங்க சார். பாலத்துல நிறுத்த முடியாது, பின்னால லாரிக்காரன் ஹார்ன் அடிச்சு முட்டிட்டு வாரான், கேக்குதுல்லா? மெல்லத்தான் போறேன். ஒண்ணு செய்ங்க. வேற ஒண்ணுக்கும் இல்ல, சும்மா பேச்சுத் துணைக்குத்தான் கேக்கேன். அவ சொல்லுவாள்லா, அது மாதிரி அந்தப் பக்கம் யார் யார் போறாங்கன்னு சொல்லிக்கிட்டே வாங்க. காவடி எங்க இருக்கு? கைப்பிடிச் சுவருக்கும் நமக்கும் நடுவுல ஆள் இருக்கா? பிள்ளைங்க யாரும் நடக்காங்களா?

சொல்லுங்க சார். வடிவுன்னா இந்நேரம் சொல்லியிருப்பா.